செந்தூருக்கு வண்டி எடுக்கும் பிள்ளைகளுக்கு

திருவனந்தபுரத்துக்கு வேலைக்கு வந்து, தவணையில் முதல் கார் வாங்கி, ஊரிலிருந்து அப்பா அம்மாவைக் கூட்டி வந்து, “ஒரு நாள் திருச்செந்தூர் போய்வரலாமா?” என்று கேட்கிற பிள்ளைகள் இப்போது எங்கள் கரமனைப் பக்கம் நிறையப் பேர். நாகர்கோவில் வரை எழுபது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, அங்கிருந்து கடலோரமாக ஏறக்குறைய எண்பது. காலைப் பலகாரம் முடித்துக் கிளம்பினாலும் மத்தியானத்துக்குள் சாமி கும்பிட்டுவிடலாம் என்றுதான் வரைபடத்தைப் பார்த்தால் தோன்றும். அப்படிக் கிளம்பியவர்களில் பலர் வெயிலில் வாடி, வரிசையில் துவண்டு, கூட்டி வந்த பெரியவர்களை மறுநாள் படுக்கையில் கிடத்திவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். வயதானவர்களோடும் கைக்குழந்தைகளோடும் இந்தச் சாலையில் நெடுங்காலம் போய்வந்தவன் என்ற உரிமையில் சில விஷயங்களைச் சொல்கிறேன்.

1. முதலில் கோயிலின் நேரத்தைக் கேளுங்கள். வண்டி புறப்படும் நேரத்தைக் கடைசியில் முடிவு செய்யுங்கள்.

செந்தூரில் சாதாரண நாட்களில் விடியற்காலை 5 மணிக்கு நடை திறந்தால் இரவு 9 வரை தரிசனம் உண்டு. மார்கழியிலும் திருவிழா நாட்களிலும் இது மாறும். கிளம்புவதற்கு முந்தின நாள் கோயில் அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கேரளத்துக் கோயில்களைப் போல மத்தியானம் சாத்துவதில்லை என்பதால் எப்போது போனாலும் சரி என்று நினைக்கிறோம். ஆனால் உங்கள் அம்மாவால் எத்தனை மணிக்கு நின்று கும்பிட முடியும் என்பதுதான் முதல் கேள்வி. பதினோரு மணிக்கு மேல் கடற்கரைக் கோயிலின் கல்தரை வெறுங்காலைச் சுடும். காலை எட்டரைக்குள் வரிசையில் நிற்பது நல்லது. அதற்கு எட்டுக்குள் குளியல் முடிய வேண்டும். ஏழே காலுக்குள் வண்டியை நிறுத்தியிருக்க வேண்டும். வழியில் ஒரு முறை இறங்கிக் காலாற நடந்து காபி குடிக்க அரை மணி. இப்படிப் பின்னோக்கி எண்ணிக்கொண்டே வந்தால் கரமனையிலிருந்து மூன்றே கால், மூன்றரைக்குக் கிளம்ப வேண்டியிருக்கும். அந்த நேரம் முடியாது என்றால், முந்தின நாள் மாலையே போய்த் தங்கிவிடுங்கள். இந்த இரண்டில் ஒன்றுதான் வழி. நடுவில் ஒன்றைத் தேடினால் பாதிக்கப்படுவது பெரியவர்கள்.

2. விடியலுக்கு முன் கிளம்பச் சொல்வதற்கு இன்னொரு காரணம் வெயில் விழும் திசை.

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் தென்கிழக்கு. அங்கிருந்து செந்தூர் வடகிழக்கு. ஆகவே காலையில் போகும்போது சூரியன் ஓட்டுபவரின் கண்ணுக்கு நேரே. சாயங்காலம் திரும்பும்போது, குறிப்பாக நாகர்கோவில் தாண்டிய பிறகு, மறுபடியும் கண்ணுக்கு நேரே. தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையில் எதிரே பேருந்து வரும்போது அந்தக் கூச்சம் ஆபத்தானது. இருட்டோடு புறப்பட்டால் காலைச் சூரியன் எழும்போது நாகர்கோவிலைத் தாண்டி அகலமான வெளிக்கு வந்திருப்பீர்கள். முன்கண்ணாடியை உள்ளும் புறமும் முந்தின இரவே துடைத்துவிடுங்கள். அழுக்குக் கண்ணாடியில்தான் கூச்சம் பலமடங்காகும்.

அந்த நேரத்துக்கு ஓட்டுபவர் எழுந்திருக்க வேண்டுமானால் இரவு ஒன்பதுக்குப் படுத்திருக்க வேண்டும். வீட்டில் மற்ற எல்லோரும் மூட்டை கட்டட்டும், அவர் தூங்கட்டும்.

3. ஊரை விட்டு வெளியேற இரண்டு வழி.

கழக்கூட்டம், டெக்னோபார்க் பக்கம் இருப்பவர்கள் புறவழிச்சாலையைப் பிடித்துத் திருவல்லம், முக்கோலை வழியாக மாநில எல்லையருகே காரோடு வரை நேராக வந்துவிடலாம். வழியில் திருவல்லத்தில் சுங்கச்சாவடி. கரமனை, கோட்டைப் பக்கம் இருப்பவர்களுக்குப் பழைய சாலை: பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை. பாலராமபுரத்துக்கு முன்பு வரை அகலம், அதற்குப் பிறகு கடைகளை ஒட்டிய குறுகல். எந்த வழியில் வந்தாலும் எல்லை தாண்டியபின் குழித்துறை, மார்த்தாண்டம், தக்கலை என்று ஊருக்குள் ஊராகத்தான் போக வேண்டும். மார்த்தாண்டத்தில் மேம்பாலம் இருக்கிறது. மற்ற இடங்களில் பொறுமை ஒன்றுதான் துணை. பகலில் நாகர்கோவில் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் தூரத்தை, விடியலுக்கு முன் ஒன்றரை மணியில் பதற்றமில்லாமல் கடக்கலாம். வேகத்தைக் கூட்டித் தூரத்தைக் குறைக்கலாம் என்ற எண்ணத்தை இந்தச் சாலையில் வைத்துக்கொள்ளவே கூடாது.

4. போகக் கூடாத நாட்களை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசியில் கந்த சஷ்டி ஆறு நாளும், சூரசம்ஹாரத்தன்று முக்கியமாகவும், செந்தூர்க் கடற்கரையில் மணல் தெரியாத அளவுக்கு ஜனம் நிற்கும். அந்தக் காட்சி பார்க்க வேண்டியதுதான், ஆனால் முதல் பயணத்தில் வேண்டாம். வைகாசி விசாகம், தைப்பூசம், ஆவணித் திருவிழா, மாசித் திருவிழா இவற்றுக்கும் அதேதான். இப்போது பௌர்ணமி இரவில் கடற்கரையில் தங்கும் வழக்கமும் பரவியிருப்பதால், அந்த நாட்களில் ஊருக்குள் வண்டி நுழைவதே பாடு. சாதாரண மாதத்தில் செவ்வாயும் வெள்ளியும் தவிர்த்து, விசேஷமில்லாத ஒரு புதன், வியாழன் பாருங்கள். ஒரு நாள் விடுப்பு எடுத்தாலும் அது வீணாகாது.

புறப்படும் ஊரின் நாட்களையும் மறக்கக் கூடாது. ஆற்றுகால் பொங்கலன்று நகரத்தின் சாலையெல்லாம் அடுப்பாகிவிடும். அன்று கார் எடுக்கும் எண்ணமே வேண்டாம்.

நவராத்திரி இந்தச் சாலையின் இரண்டு முனையையும் பிடித்துக்கொள்ளும். அந்தச் சமயத்தில் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி தேவியும், வேளிமலைக் குமாரகோயிலிலிருந்து முருகனும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளுகிறார்கள். யானை மீது சரஸ்வதி, பல்லக்கில் நங்கை. வழியில் குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் இரவுத் தங்கல். தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு 1795-ல் மாறியபின் தொடரும் பயணம் இது. நாம் காரில் போகும் அதே வழியில் சாமிகள் எதிர்த்திசையில் வருகிறார்கள். ஊர்வலத்தின்போது சாலையோரம் குத்துவிளக்கு ஏற்றி ஜனங்கள் காத்திருப்பார்கள். அந்த நாளில் வண்டியோடு மாட்டிக்கொண்டால் எரிச்சல்படாமல் இறங்கி நின்று கும்பிடுங்கள். மறுமுனையில் அதே வாரம் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் தசரா. காளி, குறவன், அரசன் என்று வேடம் புனைந்த பக்தர்கள் சுற்றுவட்டார ஊர்களிலிருந்தெல்லாம் கடற்கரைக்கு வருவார்கள். செந்தூருக்குப் போகும் கடலோரச் சாலை குலசை வழியாகத்தான் போகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

5. மழை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எல்லா மாதத்திலும் ஒரே மாதிரி வராது.

ஜூன், ஜூலையில் திருவனந்தபுரத்தில் இடவப்பாதி மழை கொட்டும்போது, நாகர்கோவிலைத் தாண்டிக் கிழக்கே போகப் போக வானம் வெளுத்து, காற்று மட்டும் பலமாக வீசும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்றில்தான் முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் சுழல்கின்றன. எங்கள் வீட்டில் மழை என்று பயணத்தை அந்த மாதங்களில் நிறுத்த வேண்டியதில்லை. எல்லை வரை மெதுவாக ஓட்டினால் போதும்.

அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் வரைதான் கவனம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் செந்தூருக்குப் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. தாமிரபரணி கரை புரண்டு, திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய சென்னை ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுவிட்டது. அந்த மாதங்களில் கிளம்புகிறவர்கள் கரமனையின் வானத்தைப் பார்த்து முடிவெடுக்காமல் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்ட வானிலை எச்சரிக்கையைப் பார்த்து முடிவெடுங்கள். எச்சரிக்கை இருந்தால் தள்ளிப்போடுங்கள். முருகன் அடுத்த மாதமும் அங்கேதான் இருப்பார்.

6. வழியில் ஒரே ஒரு இடம்.

இதைக் கேட்டால் பிள்ளைகளுக்கு வருத்தம். “தாத்தா, பத்மநாபபுரம் அரண்மனை, சுசீந்திரம், கன்னியாகுமரி, நாகராஜா கோயில் எல்லாம் வழியில்தானே?” என்பார்கள். வழியில்தான். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு நாளைக் கேட்கிற இடம். சுசீந்திரத்தில் தாணுமாலயன் சன்னிதி, நெடிதுயர்ந்த அனுமன், தட்டினால் ஸ்வரம் எழுப்பும் கல்தூண்கள், தெப்பக்குளம் என்று நின்று பார்க்க நிறைய உண்டு. மத்தியானம் நடை சாத்தி மாலையில்தான் திறப்பார்கள். அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அங்கே மரத்தில் செய்த வேலையைப் பார்க்கவே இரண்டு மணி நேரம் வேண்டும். 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோதும் அந்த அரண்மனை மட்டும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பிலேயே இருந்துவிட்டது. தமிழ் மண்ணில் நிற்கும் கேரளக் கட்டடத்துக்குள் நடக்கும்போது, திருவிதாங்கூர் என்ற பழைய நாடு எப்படி இரண்டு மொழியிலும் வாழ்ந்தது என்று குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். அதை அவசரத்தில் செய்ய முடியாது.

ஆகவே போகும்போது இடம் பார்க்க எங்கும் நிற்காதீர்கள். திரும்பும்போது, மாலையில் உடம்பில் தெம்பிருந்தால் சுசீந்திரம். தெம்பு இல்லையென்றால் அதுவும் வேண்டாம். அரண்மனைக்கும் குமாரகோயிலுக்கும் தனியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். ஒன்றரை மணி நேரத் தூரம்தான்.

7. நாகர்கோவிலிலிருந்து எந்தச் சாலை?

தேசிய நெடுஞ்சாலை 44-ல் வள்ளியூர், நாங்குநேரி வழியாகத் திருநெல்வேலி போய், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி வழியாகச் செந்தூர் சேரலாம். சாலை அகலம், ஆனால் தூரம் அதிகம். நவதிருப்பதி சேவிக்க நினைப்பவர்கள் இரண்டு நாள் பயணமாக இந்த வழியைப் பிடிக்கலாம். ஒரே நாளில் போய்வருகிறவர்களுக்கு நான் சொல்வது கடலோரச் சாலை: அஞ்சுகிராமம், கூடங்குளம், உவரி, மணப்பாடு, குலசேகரன்பட்டினம், செந்தூர்.

இந்தச் சாலையை நான் மனதார நேசிக்கிறேன். தென்னையும் பலாவும் மூடிய நாட்டிலிருந்து கிளம்பியவர்கள் இரண்டு மணி நேரத்தில் பனையும் உடையும் மட்டுமே நிற்கும் வெளிக்கு வந்துவிடுகிறோம். உவரியில் சுயம்புலிங்க சுவாமி கோயிலும் அந்தோனியார் கோயிலும் ஒரே கடற்கரை ஊரில். மணப்பாட்டில் மணல்மேட்டின் மேல் 1581-ல் கட்டிய திருச்சிலுவைக் கோயில் தூரத்திலிருந்தே தெரியும். சவேரியார் 1542-ல் வந்து தங்கியதாகச் சொல்லும் குகையும் அங்கே உண்டு. செப்டம்பர் முதல் பாதியில் அங்கே திருவிழாக் கூட்டம் இருக்கும், அதைக் கணக்கில் வையுங்கள். உடன்குடி பக்கம் உள்ளே தள்ளித் தேரி என்ற செம்மண் குன்றுகள். சிவந்த மணல் காற்றில் இடம் மாறிக்கொண்டே இருக்கும் அந்த நிலம் தமிழ்நாட்டில் வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காது. குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். 1963 நவம்பரில் நாட்டின் முதல் ராக்கெட் நம்முடைய திருவனந்தபுரத்துத் தும்பாவிலிருந்துதான் பறந்தது என்பதை வண்டியில் இருக்கும் குழந்தைக்குச் சொல்லுங்கள். ஒரு மீன்பிடிக் கரையில் கிளம்பி இன்னொரு மீன்பிடிக் கரைக்கு வந்திருக்கிறோம் என்று அது புரிந்துகொள்ளும்.

ஒரு எச்சரிக்கை: இந்தச் சாலையில் விடியலுக்கு முன் திறந்திருக்கும் பெட்ரோல் பங்கும் கடையும் குறைவு. நாகர்கோவிலிலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளுங்கள்.

8. பச்சை வேட்டி தெரிந்தால் காலை பிரேக்குக்குக் கொண்டுபோங்கள்.

தை மாதத்தையொட்டியும் விழாக்களுக்கு முன்பும் விரதமிருந்து நடந்து போகும் முருக பக்தர்கள் இரவெல்லாம் சாலையோரம் நடப்பார்கள். பச்சை உடை இருட்டில் தெரியாது. குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு நடக்கிற அம்மாக்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு. நீங்கள் கும்பிடப் போகும் அதே சாமியைக் கும்பிட, உங்களைவிடக் கஷ்டப்பட்டுப் போகிறவர்கள் அவர்கள். எதிரே வண்டி வருகிறதென்று அவர்கள் பக்கம் ஒதுங்காதீர்கள். நின்று, எதிர்வண்டியை விட்டுவிட்டுப் பிறகு போங்கள். ஹாரன் அடித்து விலக்குவதும் வேண்டாம். கார்த்திகை, மார்கழியில் சபரிமலை முடித்துக் கன்னியாகுமரி போகிற வண்டிகள் களியக்காவிளைச் சாலையில் வரும். தூக்கமில்லாமல் ஓட்டுகிறவர்கள் அவற்றில் இருக்கலாம் என்று நினைத்து இடைவெளி விடுங்கள்.

9. உடை, கைபேசி.

செந்தூரிலும் சுசீந்திரத்திலும் ஆண்கள் மேல்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். நல்ல வேட்டி இல்லாதவர்கள் முந்தின வாரமே பாலராமபுரத்தில் வாங்கிவிடுங்கள். திருவிதாங்கூர் மகாராஜா காலத்தில் தமிழ்ப்பக்கத்திலிருந்து வந்து குடியேறிய சாலியர் குடும்பங்கள் வளர்த்த நெசவு அது. விலை கூடுதல், ஆனால் வருஷக்கணக்கில் உழைக்கும். 2022-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுக்குப் பிறகு செந்தூர்க் கோயிலுக்குள் கைபேசி கூடாது. வண்டியிலேயே வைத்துவிட்டுப் போங்கள். பிரிந்துபோனால் எங்கே சந்திப்பது என்று ஒரு இடத்தை வண்டியிலிருந்து இறங்கும்போதே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்; பாட்டியின் முந்தானையில் உங்கள் எண்ணை எழுதிய சீட்டை முடிந்துவிடுங்கள். சிறப்பு தரிசனச் சீட்டு வேண்டுமானால் கோயில் கவுண்டரில் மட்டும் வாங்குங்கள்.

10. கடலில் இறங்குவது பற்றி.

முதலில் கடல், பிறகு நாழிக்கிணறு, அப்புறம் தரிசனம். அதுதான் முறை. நாழிக்கிணறு கடலுக்குச் சற்றுத் தள்ளிப் படியிறங்கிப் போகும் ஊற்று. உப்புக் கடலின் கரையில் நல்ல தண்ணீர். செந்தூர்க் கடல் சில நாள் உள்வாங்கும், சில நாள் கரையை அரித்துப் படிபோல் வெட்டிவிடும். அங்கே நிற்கும் காவலர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். மூட்டுவலி உள்ளவர்களைக் கிணற்றுப் படியில் இறக்காதீர்கள்; மேலே உட்கார வைத்து, ஒரு செம்பு நீர் கொண்டுவந்து தலையில் தெளித்தால் போதும். கிழக்கே கடலைப் பார்த்து நிற்கிறார் சாமி; ஒன்பது நிலைக் கோபுரம் மேற்கே. ஆகவே கோபுரத்தைப் பார்த்து வழி தேடாமல், வரிசை எங்கே தொடங்குகிறது என்று கேட்டுப் போங்கள். பன்னீர் இலையில் மடித்துக் கொடுக்கும் விபூதியை வாங்கிக்கொள்ள மறக்க வேண்டாம்.

11. சில்லறை விஷயங்கள்.

பெட்ரோல் தமிழ்நாட்டில் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு. எல்லை தாண்டும் அளவுக்கு இங்கே, மிச்சம் அங்கே போட்டுக்கொள்ளுங்கள். வாடகை வண்டியானால் தமிழ்நாட்டு பெர்மிட், வரி கட்டியாயிற்றா என்று முந்தின நாளே ஓட்டுநரிடம் கேளுங்கள். அவருக்கும் காலை ஆகாரமும் படுக்க இடமும் உங்கள் பொறுப்பு. மருந்துச் சீட்டு கைப்பையில் இருக்கட்டும், டிக்கியில் வேண்டாம். நாகர்கோவில் ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அவசரத்துக்கு இரண்டு மாநிலத்திலும் 108. பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுக் கிளம்புவது எங்கள் ஊர் வழக்கம். நீங்கள் கிளம்பும் நேரத்தில் நடை திறந்திருக்காது, முந்தின நாள் மாலையே உடைத்துவிடுங்கள்.

சாப்பாட்டில் ஒன்று மட்டும். தரிசனத்துக்கு முன் பெரியவர்கள் விரதம் என்பார்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களை அப்படி விடாதீர்கள். நாகர்கோவிலில் மட்டிப் பழம் கிடைக்கும். ஒன்றிரண்டு சாப்பிட வைத்துவிட்டுப் பிறகு கிளம்புங்கள்.

12. திரும்புவது.

பதினோரு மணிக்குள் தரிசனம் முடிந்துவிட்டால் சாப்பிட்டுவிட்டு ஓட்டுபவர் கட்டாயம் ஒரு மணி நேரம் படுக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். விடியலில் எழுந்த உடம்பு சோறு உண்டபின் இரண்டு மணிக்குக் கண்ணைச் செருகும். கடலோரச் சாலையின் நேர்கோட்டில் அது தெரியாமலே நடக்கும். ஓட்டத் தெரிந்த இன்னொருவர் இருந்தால் திரும்பும் பாதியை அவரிடம் கொடுங்கள். உடன்குடியில் கருப்பட்டி வாங்குங்கள். கடையில் சிறு துண்டு வாயில் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள், சீனி கலந்ததா என்று நாக்கு சொல்லும். இரண்டரைக்குக் கிளம்பினால் நாலரை, ஐந்துக்குச் சுசீந்திரம், நடை திறந்திருக்கும். அங்கே தெப்பக்குளத்துப் படியில் பெரியவர்களை உட்கார வைத்து, சூரியன் இறங்கும் வரை இருந்துவிட்டு, கண்கூச்சம் தீர்ந்த பிறகு தக்கலைச் சாலையில் ஏறுங்கள். ஆறரையிலிருந்து எட்டு வரை மார்த்தாண்டத்திலும் நெய்யாற்றின்கரையிலும் கடைவீதி நெரிசல் இருக்கும். ஒன்பது, ஒன்பதரைக்கு வீடு. அதற்கு முன் வர வேண்டும் என்று அவசரப்படும்படியான எந்த வேலையையும் அன்றிரவுக்கும் மறுநாள் காலைக்கும் வைத்துக்கொள்ளாதீர்கள்.